ஆங்குலர் செயலியின் தொடக்கம்: யார், எதை, எப்போது அறிகிறார்கள்?

ஒரு வலைச் செயலியின் தொடக்கத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நேரக் கணக்கிலேயே முடிந்துவிடுகிறது: திரை எவ்வளவு நேரம் வெறுமையாக நின்றது, எத்தனை கிலோபைட் இறங்கியது என்று. இக்கட்டுரை எழுப்பும் கேள்வி வேறு. செயலி இயங்க எந்தெந்தப் பகுதிகள் வேண்டும் என்ற விவரம் எங்கே எழுதப்படுகிறது? அதை யார், எப்போது படிக்கிறார்கள்? கூகுளின் ஆங்குலர் 2010 முதல் தன் தொடக்க முறையைப் பலமுறை மாற்றிக்கொண்டுள்ளது. அம்மாற்றங்களை இயக்கியது இக்கேள்விக்கான விடைதான். வேகம் அதன் விளைவு என்பதே என் வாதம்.

1. பக்கத்தைப் படித்த காலம்

ஆங்குலரின் முதல் வடிவமாக மிஷ்கோ ஹெவரி உருவாக்கிய ஆங்குலர்ஜேஎஸ்ஸில் தொடக்கத்துக்கான குறிப்பு எச்டிஎம்எல் பக்கத்திலேயே இருந்தது. பக்கம் இறங்கி முடிந்ததும் ‘என்ஜி-ஆப்’ என்ற பண்பைத் தாங்கிய முதல் உறுப்பை நூலகம் தேடும். அதில் குறிப்பிட்ட மாட்யூலையும் அது சார்ந்த மாட்யூல்களையும் ஏற்றும். சார்புகளை வழங்கும் இன்ஜெக்டரை உருவாக்கும். அதன்பின் அந்த உறுப்புக்குக் கீழுள்ள மரம் முழுவதையும் நடந்து பார்த்து, எங்கெங்கு எந்த டைரக்டிவ் இருக்கிறதென்று கண்டறியும். பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது பயனரின் உலாவியில், அந்தக் கணத்தில்தான் தெரியவரும்.

சார்புகளின் நிலையும் அதுதான். ஒரு செயற்கூறுக்கு எந்தச் சேவைகள் வேண்டும் என்பதை இன்ஜெக்டர் அதன் நிரலை உரையாக மாற்றி, அளபுருக்களின் பெயர்களைப் படித்தே அறிந்தது. நிரலைச் சுருக்கும் கருவி அப்பெயர்களை ஒற்றை எழுத்துகளாக்கியதும் செயலி எழவே மறுத்தது. அதனால் பெயர்களைத் தனிப் பட்டியலாக மீண்டும் எழுத வேண்டியதாயிற்று. இது வேகக் குறைவால் வந்த சிக்கல் அன்று. தொடக்கத்துக்கு வேண்டிய அறிவு, அதற்கு முன் நிரலைக் கையாளும் எந்தக் கருவிக்கும் புலப்படாத இடத்தில் இருந்ததால் வந்தது.

2. நிரல் அறிவித்த காலம்

2016 செப்டம்பரில் வந்த ஆங்குலர் 2 அந்தப் பொறுப்பைப் பக்கத்திடமிருந்து நிரலுக்கு மாற்றியது. தொடக்கக் கோப்பு ஒரு மாட்யூலைப் பெயர் சொல்லி அழைக்கும். முதலில் பிளாட்பார்ம் இன்ஜெக்டர். அடுத்து, ஒத்திசையா நிகழ்வுகளைக் கவனிக்கும் என்ஜிசோன். அதனுள் மாட்யூலின் இன்ஜெக்டர். பின்பு ‘ஆப் இனிஷியலைசர்’ பணிகள். அவை திருப்பித்தரும் பிராமிஸ்கள் அனைத்தும் நிறைவேறிய பிறகே வேர்க் கூறு (ரூட் காம்போனென்ட்) திரைக்கு வரும். பக்கத்துக்கு மிஞ்சியது அக்கூறு அமரும் ஓர் உறுப்பு மட்டுமே.

இந்த இனிஷியலைசர் கட்டம் கூர்ந்து நோக்கத்தக்கது. அமைப்பு விவரங்களைச் சர்வரிலிருந்து பெற ஒரு பணியை இங்கே சேர்த்தால், பதில் வரும்வரை செயலி முழுவதும் காத்திருக்கும். பணி பிழையில் முடிந்தால் தொடக்கமே நின்றுவிடும். உலாவிக்கு வருமுன் அறிய முடியாத செய்திகளுக்கென்று ஒதுக்கப்பட்ட கட்டம் இது. நடைமுறையிலோ, முன்பே அறியக்கூடியவையும் இங்கே வந்து குவிகின்றன.

2020 பிப்ரவரியில் வெளியான 9ஆம் பதிப்பில் ஐவி தொகுப்பியும் முன்கூட்டியே தொகுக்கும் முறையும் இயல்பாயின. வார்ப்புருக்களை உலாவியில் தொகுக்கும் தேவை நீங்கியது. அதற்கு முன்பே, 2018இல் வந்த 6ஆம் பதிப்பில், ஒரு சேவை தான் எங்கே வழங்கப்பட வேண்டும் என்பதைத் தானே அறிவிக்க வழி பிறந்திருந்தது. யாரும் பயன்படுத்தாத சேவையைச் செயலியை உருவாக்கும் கருவி தயங்காமல் விலக்க அது உதவியது.

3. மாட்யூல் விலகியது ஏன்?

14ஆம் பதிப்பில் முன்னோட்டமாக வந்து, 15ஆம் பதிப்பில் நிலைபெற்ற தனித்தியங்கும் கூறுகள், தொடக்கத்தை ஒரே அழைப்பாகச் சுருக்கின: வேர்க் கூறும் வழங்கிகளின் பட்டியலும் போதும். புதியவர்களுக்கு எழுத்து வேலையைக் குறைக்கவே இது நடந்தது என்று ஒருவர் மறுக்கலாம். அது பாதி உண்மை. முன்பு ஒரு வார்ப்புருவில் உள்ள குறிச்சொல் எதைக் குறிக்கிறது என்றறிய, அக்கூறை அறிவித்த மாட்யூலைத் தேடிச் செல்ல வேண்டும். இப்போது கூறின் கோப்பே தன் சார்புகளைச் சொல்கிறது. 17ஆம் பதிப்பின் ‘டிஃபர்’ வசதி, பிற்பாடு ஏற்றப்பட வேண்டிய கூறுகள் தனித்தியங்குபவையாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை இட்டதும் இதனால்தான். சார்பு அருகிலேயே எழுதப்பட்டிருந்தால்தான் தொகுப்பியால் அதைப் பிரித்துத் தள்ளிப்போட முடியும்.

4. மீண்டும் பக்கத்துக்கு

சர்வரிலேயே வரையப்பட்ட பக்கங்கள் இந்த வரலாற்றுக்கு எதிர்பாராத திருப்பம் தருகின்றன. சர்வர் அனுப்பிய உறுப்புகளை அழித்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக வரைவதே பழைய வழக்கம். 2023இல் வந்த 16ஆம் பதிப்பின் ஹைட்ரேஷன் இருக்கும் உறுப்புகளை அப்படியே ஏற்று, கூறுகளோடு பொருத்துகிறது. இரு பக்கத்து அமைப்பும் இம்மியும் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். அட்டவணையில் உடற்பகுதிக் குறியை விட்டுவிட்டால் உலாவி அதைத் தானே சேர்க்கும், பொருத்தம் குலையும். தொடக்க அறிவு இவ்வாறு மறுபடியும் எச்டிஎம்எல்லுக்குள் வந்துள்ளது. இம்முறை அதை எழுதுவது நிரலாளர் அல்லர், சர்வர்.

ஹெவரி பின்னர் உருவாக்கிய குவிக் என்ற கட்டமைப்பு இதை எல்லைவரை கொண்டுசெல்கிறது. செயலியின் நிலையைப் பக்கத்திலேயே பதிந்து, பயனர் ஒன்றைத் தொடும்போது மட்டும் அதற்குரிய நிரலை ஏற்றுகிறது. அதற்கு ஈடாக, நிலை முழுவதும் உரையாகப் பதியத்தக்கதாய் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை ஏற்க நேர்கிறது.

முடிவு

எந்த மாற்றமும் தொடக்க வேலையை ஒழித்துவிடவில்லை. உருவாக்கும் வேளை, சர்வர், உலாவி ஆகிய மூன்றுக்கிடையே அதைப் பங்கிட்டிருக்கிறது. ஆகவே தொடக்கத்தை மதிப்பிடும் அளவுகோல் நேரம் மட்டுமாக இருத்தல் போதாது. இனிஷியலைசரில் உள்ள ஒவ்வொரு பணியைக் குறித்தும், ‘இதை இதற்கு முன்பே அறிந்திருக்க முடியாதா?’ என்று கேட்க வேண்டும். உள்நுழைந்தவர் யார் என்பதுபோல் பயனரைப் பொறுத்து மாறுவது அங்கே இருக்கலாம். எல்லாருக்கும் ஒன்றாயிருப்பதை உருவாக்கும் வேளைக்கு மாற்றுவதே முறை.