மூலக்கொத்தளம் கூறும் ஆறுதல்

மாண்டார் மீண்டதில்லை. மாளிகையிலும் மண்குடிசையிலும் சாவு ஒன்றே. சிந்தும் கண்ணீரும் ஒன்றே. அழுது ஓய்ந்தபின் எஞ்சியோர் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதிலேதான் வேற்றுமை காண்கிறோம்.

வடசென்னையில், இராயபுரத்திற்கு மேற்கே, மூலக்கொத்தளம் இடுகாடு இருக்கிறது. உழைத்து உருக்குலைந்த எத்தனையோ உடல்களை ஏற்ற மண் அது. 1939-ஆம் ஆண்டு அம்மண் இரண்டு இளைஞர்களை ஏற்றது. கட்டாய இந்தியை எதிர்த்து மறியல் செய்து சிறை புகுந்த நடராசன், நோயுற்று, சனவரி 15-ஆம் நாள் கைதியாகவே மாண்டார். இரண்டு திங்கள் முடியுமுன், மார்ச்சுத் திங்களில், குடந்தைத் தாளமுத்துவும் அவ்வாறே மாண்டார். முன்னவர் பெற்றோருக்கு ஒரே மகன், பின்னவர் மணமானவர்.

இடுகாட்டிலே அண்ணா இரங்கலுரை ஆற்றினார். ஓர் இல்லத்தின் துயர் ஓர் இனத்தின் துயராயிற்று. 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி ஆணை திரும்பப் பெறப்பட்டது. இன்றும் ஆண்டுதோறும் சனவரி 25-இல் அந்நினைவிடத்தில் மலர் குவிகிறது. எழும்பூரில் ஒரு மாளிகை இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

ஆயினும் கேட்கிறோம்: மாளிகை எழுந்ததால் மகனை இழந்த தாயின் மடி நிறைந்ததா? மாலை விழுந்ததால் கணவனை இழந்தவளின் கண்ணீர் காய்ந்ததா? இல்லை! ஊர் போற்றும் புகழ் துயரைத் துடைப்பதில்லை. தாங்கத் தோள் தருகிறது, அவ்வளவே.

துயரை மறைத்தலும் வீரமன்று. 1933 மே 11-ஆம் நாள் நாகம்மையார் மறைந்தபோது, அழுகையும் சடங்கும் வேண்டா என்றார் பெரியார். மறுநாளே பொதுப்பணிக்குப் புறப்பட்டார். கல்நெஞ்சமா அது? அன்று! தாம் இழந்தவை எவையெவை என்பதைக் ‘குடி அரசு’ இதழில் ஒளியாமல் எழுதிய பிறகே தமக்குத்தாமே ஆறுதல் கூறிக்கொண்டார். இழப்பை உள்ளவாறு உரைத்தலே ஆறுதலின் முதற்படி.

திவசத்திற்கு மாற்றாகப் படத்திறப்பும் இரங்கற் கூட்டமும் நம்மிடையே வேரூன்றியதன் பொருளும் இதுவே. திவசத்தில் பிண்டம் பேசப்படும். இரங்கற் கூட்டத்தில் மாண்டவர் வாழ்வு பேசப்படும். காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பத்திலும், கடலுக்குப் போன மீனவனின் உடல்கூடக் கரை சேராத வீடுகள் உண்டு. கல்லறையே இல்லாத அவ்வீட்டாருக்கு, அவன் பெயரைச் சொல்லிப் பேசும் நாலு நாவைவிட வேறு நினைவுச் சின்னம் ஏது?

பத்தாம் நாளோடு பந்தல் பிரிகிறது, உறவும் கலைகிறது. துயரோ அன்றுதான் வீட்டில் தனித்து உட்காருகிறது. ஆகவே தோழர்காள், பதினோராம் நாள் செல்லுங்கள்! அடுப்பு எரிகிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் பள்ளி செல்கின்றனரா என்று கேளுங்கள். மாண்டவருக்கு நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. எஞ்சியோருக்குச் செய்ய வேண்டியதோ ஏராளம்!