எதிர்ச்சுற்று

"குயவன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போ. சக்கரத்துல உக்கார வச்சு எதிர்ச்சுத்தா சுத்தச் சொல்லு. எல்லாம் மறந்துபோகும்." எதிர்வீட்டு மாஜி என் மனைவியிடம் இந்தியில் இப்படிச் சொன்னபோது நான் வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தேன். 1985, மதுரா ரயில்வே குடியிருப்பு. சிக்னல் பிரிவில் எனக்கு வேலை. மாஜி விளையாட்டாகச் சொல்லவில்லை. சளிக்குக் கஷாயம் சொல்கிற அதே குரல்.

நடந்தது இதுதான். எங்கள் மூன்று வயது மகள் முந்தின நாள் சாயங்காலம் அடுப்படி வாசலில் நின்று, "என் செல்லம் எங்க? யாரு எடுத்தா?" என்று கேட்டிருக்கிறாள். செல்லம் என்றால் எங்கள் வீட்டில் வெற்றிலைப் பெட்டி. அம்மாவிடம் பித்தளையில் ஒன்று இருந்தது. அம்மா போனது 1980. மகள் பிறந்தது 1982. என் மனைவிக்கு இதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. "அவளையே நாம நாளைக்குப் பத்துத் தடவ செல்லம்னு கூப்பிடுறோம், அதச் சொல்லியிருப்பா" என்றேன். எடுபடவில்லை.

மாஜியின் வைத்தியம் அவர் சொந்தச் சரக்கு இல்லை. போன பிறவியைப் பேசுகிற பிள்ளை அதிக நாள் தங்காது என்ற பயம் வட இந்தியாவில் பரவலாக உண்டு. அதட்டுவார்கள், அடிப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் சக்கரம். சுற்றைத் திருப்பினால் நினைவும் திரும்ப அவிழ்ந்துவிடும் என்று கணக்கு போலும். மதுரா மாவட்டத்துச் சாத்தா ஊரில் 1951-ல் பிறந்த ஒரு பையனுக்கு இதைச் செய்துபார்த்திருக்கிறார்கள். நாலரை வயதில் அவன் நடு ராத்திரி எழுந்து தெருவுக்கு ஓடுவான். தன் வீடு கோசி கலானில் இருக்கிறது, அங்கே தனக்கு வேறு பெயர் என்பான். அவனைச் சமாதானப்படுத்த உறவினர் ஒருவர், கோசிக்குப் போவதாகச் சொல்லி எதிர்த்திசைப் பஸ்ஸில் ஏற்ற, இது அந்த வழி இல்லையே என்று பையன் கண்டுபிடித்துவிட்டானாம். இரண்டு ஊருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். டெல்லி ரயிலில் போகும்போதெல்லாம் இரண்டு ஸ்டேஷன் பலகைகளையும் பார்ப்பேன். அவ்வளவு பக்கத்து ஊர்ச் செய்தி பிள்ளை காதுக்கு எட்டியிருக்காதா என்று தோன்றும். பிள்ளையைச் சக்கரத்தில் வைத்துச் சுற்றும் அளவுக்குப் பயந்த வீட்டார், தாங்களே அதைச் சொல்லிக்கொடுத்திருப்பார்களா என்றும் தோன்றும்.

இதை எழுதிவைத்தவர் இயான் ஸ்டீவன்சன், அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக மனநல மருத்துவர். 1961-ல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து வீடு வீடாக விசாரித்தார். 1966-ல் இருபது பிள்ளைகளின் கதைகளைப் புத்தகமாக்கினார். ஜெராக்ஸ் முறையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன் அவர் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர். பிள்ளைகள் இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் பேச ஆரம்பிக்கும், ஐந்திலிருந்து எட்டுக்குள் தானாகவே விட்டுவிடும் என்பது ஸ்டீவன்சன் திரும்பத் திரும்பக் கண்டது. அப்படியானால் குயவருக்கு வேலையே இல்லை. இரண்டு வருஷம் பொறுத்தால் போதும்.

விடமுடியாமல் போனது சாந்தி தேவிக்கு. இந்தியாவில் மறுபிறவிப் பேச்சு எடுத்தால் அவர் பெயர் வராமல் இருக்காது. 1926 டிசம்பரில் டெல்லியில் பிறந்தவர். நாலு வயதிலிருந்து என் வீடு மதுரா, என் வீட்டுக்காரர் துணிக்கடை வைத்திருக்கிறார் என்று பேச்சு. பெற்றோர் பொருட்படுத்தவில்லை. எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் ஒன்று உண்டு: அந்தக் குழந்தை புருஷன் பெயரை மட்டும் சொல்ல மறுத்தது. கட்டுப்பெட்டியான எந்த மதுராப் பெண்ணும் சொல்லமாட்டாள் அல்லவா? ஒன்பது வயது நெருங்கும்போது, மதுராவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று ஆசைகாட்டிய ஆசிரியர் ஒருவரின் காதில்தான் சொன்னது: பண்டிட் கேதார்நாத் சௌபே. கடிதம் போயிற்று, பதில் வந்தது. அப்படி ஒருவர் இருந்தார். அவர் மனைவி லுக்தி, பிள்ளை பெற்ற பத்தாம் நாள், 1925 அக்டோபரில், ஆக்ரா ஆஸ்பத்திரியில் இறந்திருந்தார்.

1935 நவம்பரில் கேதார்நாத் மகனுடன் டெல்லி வந்தார். தாய்க்கு ஒன்பது வயதுகூட நிறையவில்லை, மகனுக்குப் பத்து. திரும்பக் கல்யாணம் செய்துகொள்ளமாட்டேன் என்று சொன்னீர்களே என்று சாந்தி அவரைக் கேட்டதாகச் சொல்வார்கள். விஷயம் காந்திவரை போய், 15 பேர் குழு அமைந்தது. அவர்களில் ஒருவர் தேஜ் பத்திரிகையின் தேசபந்து குப்தா. நவம்பர் 24-ந் தேதி எல்லாரும் ரயிலேறினார்கள். மதுராவில் டோங்காவுக்கு வழி சொன்னது குழந்தை. வீட்டில் ஒரு மூலையைக் காட்டி, இங்கே பணம் புதைத்தேன் என்றது. தோண்டினால் ஒன்றுமில்லை. பிறகு கேதார்நாத் ஒப்புக்கொண்டார்: மனைவி இறந்தபின் தான்தான் எடுத்ததாக.

குழு 1936-ல் அறிக்கை வெளியிட்டது, நம்பி. அதே வருஷம் பால்சந்த் நாஹட்டா என்பவர் விசாரித்துவிட்டு, நம்பும்படி இல்லை என்று எழுதினார். இந்த வழக்கில் நான் தீர்ப்பு சொல்லப்போவதில்லை. ஆனால் ஒன்று உறுத்துகிறது. மற்றப் பிள்ளைகள் மறந்துவிடும் வயதில் சாந்தியைச் சுற்றிக் குழு, பத்திரிகை, கூட்டம். அப்புறம் ஆயுசு முழுவதும் யாராவது ஒருவர் வந்து கேட்க, அவர் சொல்ல வேண்டியிருந்தது. சாந்தி கல்யாணமே செய்துகொள்ளவில்லை. 1987 டிசம்பரில் அவர் இறந்தபோது நாங்கள் இன்னும் மதுராவில்தான் இருந்தோம்.

நம் பக்கத்தில் இப்படிப் பிள்ளைகள் ஏன் அதிகம் பேசுவதில்லை? பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த சத்வந்த் பஸ்ரிசா ஆக்ரா மாவட்டத்தில் எடுத்த கணக்கில், ஆயிரம் பேருக்கு இரண்டு பேர் இப்படி வந்தார்கள். தெற்கே ஏன் இத்தனை குறைவு என்று தனியாக ஒரு கட்டுரையே எழுதினார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தத்துவம் நடத்திய சி.டி.கே. சாரி, ஊர் நம்பிக்கைதான் இந்த நினைவுகளுக்கு உருக்கொடுக்கிறது என்ற கட்சி. ஸ்டீவன்சனோடு விடாமல் மல்லுக்கட்டியவர்.

எனக்குத் தோன்றுவது வேறு. இங்கே பிள்ளை வாய் திறக்கும் முன்பே பெற்றவர்கள் சொல்லி முடித்துவிடுகிறோம். தாத்தா பெயரைத் தாங்குகிறவன் பெயரன், அவனே பேரன். செத்துச் செத்துப் பிறக்கிற வீட்டில், போனதே திரும்பவும் வருகிறது என்று அடுத்ததைக் குப்பையில் புரட்டிக் குப்பன் என்றார்கள், மூக்குக் குத்தி மூக்கன் என்றார்கள். எங்கள் மகளுக்கும் அம்மா பெயர்தான். மாமியார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது. ஆகவே வீட்டில் அவள் 'பாப்பா'. நல்ல பெயரைச் சொல்லி அவளை ஒருநாளும் என் மனைவி திட்டியதில்லை. அந்தப் பெயரை நானும் இங்கே எழுதவில்லை. அவள் இதைப் படிப்பாள்.

செல்லத்தைப் பற்றி முழுதும் சொல்லவில்லை. புகையிலை கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் மனைவி ஒருநாள் அம்மாவின் செல்லத்தை எடுத்துப் பரணில் ஒளித்துவைத்தாள். யார் எடுத்தது என்று அம்மா கேட்டபோது தெரியாது என்றுவிட்டாள். அம்மாவுக்குத் தெரியும். அதிலிருந்து மருமகளிடம் பேச்சு நின்றது. நாலு மாதத்தில் அம்மா போய்விட்டாள்.

குயவர் தெருவுக்குப் போகவில்லை. "நான் எதுக்கு மறக்கடிக்கணும்?" என்றாள் என் மனைவி. அன்று ராத்திரி பிள்ளையைத் தூங்கவைக்கும்போது, இருட்டில், மெதுவாக அவள் சொன்னது எனக்குக் கேட்டது: "நான்தான் எடுத்தேன் அத்தை."

அடுத்த லீவில் ஊரிலிருந்து செல்லத்தைக் கொண்டுவந்தேன். பாப்பா அதில் கிரேயான் போட்டுவைத்துக்கொண்டாள். எதற்காகக் கேட்டாள் என்பது ஐந்து வயதில் அவளுக்கே நினைவில்லை. சுண்ணாம்புக் கரண்டகத்தில் மட்டும் அவளை எதுவும் போடவிடவில்லை என் மனைவி. வெள்ளிக்கிழமைதோறும் அதைப் புளி போட்டுத் தேய்த்து, திரும்ப அதே இடத்தில் வைப்பாள்.