அருப்புக்கோட்டை நெசவுத் தொழில்: தறியும் தொழிலமைப்பும்

அருப்புக்கோட்டை நெசவுத் தொழில் என்பது விருதுநகர் மாவட்டம் அருப்புக்கோட்டையை மையமாகக் கொண்ட பருத்தி நெசவு. திருச்சுழி வரை விரியும் இவ்வட்டாரம் மானாவாரி நிலமும் கண்மாய்களும் கொண்ட வறண்ட பூமி. மழை பொய்த்த ஆண்டுகளிலும் கூலி தந்தது தறி. புதிய கருவியில் போடும் பணம் எப்போது பலன் தரும் என்பதை இத்தொழிலின் வரலாறு காட்டுகிறது.

கைத்தறிக் காலம்: வீடே தொழிற்கூடம். ஒருவர் குழித்தறியில் இறங்கி மிதிப்பார். வீட்டார் நாடாவில் வைக்கும் ஊடை நூலைத் தாராகச் சுற்றுவார்கள். தெருவில் பாவு எனும் நெடுக்கு நூலை நீட்டிக் கஞ்சி போடுவார்கள். இங்கிலாந்தில் ஜான் கே 1733இல் உருவாக்கிய, கயிற்றை இழுத்து ஓட்டும் நாடா 20ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் பரவியது. நெய்யும் வேகம் கூடியது. ஆனால் நூலுக்கும் விற்பனைக்கும் ஜவுளி முதலாளியை நம்பியிருந்த நெசவாளருக்கு அதன் பலன் முழுதாகச் சேரவில்லை. 1935இல் தொடங்கிய கைத்தறி நெசவாளர் கூட்டுறவு அமைப்பான கோ-ஆப்டெக்ஸும் கூட்டுறவுச் சங்கங்களும் முதலாளியை நம்பியிருப்பதற்கு மாற்றுவழி திறந்தன.

விசைத்தறிக் காலம்: மின்சாரத்தோடு வேலைமுறையும் மாறியது. தெருப்பாவு குறைந்தது, பீம் எனும் உருளையில் சுற்றிய பாவு வந்தது, ஒருவரே பல தறிகளைக் கவனித்தார். விசைத்தறியின் போட்டியிலிருந்து கைத்தறியைக் காக்க, 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 22 ரகங்கள் கைத்தறிக்கு மட்டுமென ஒதுக்கப்பட்டுப் பின்னர் 11 ஆகக் குறைந்தன. தமிழக அரசு 1983இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம் கூட்டுறவுச் சங்கத் தறிகளுக்கு வேலை தந்தது.

மேம்பாடு: சாதாரண விசைத்தறியில் பாவு இழை அறுந்தாலும் தறி ஓடிக்கொண்டே இருக்கும், யாரேனும் பார்த்து நிறுத்தும்வரை துணியில் பழுது விழும். இழை அறுந்ததும் தறியை நிறுத்தும் கருவியைப் பழைய தறியிலேயே பொருத்த, மத்திய அரசு 2017இல் தொடங்கிய பவர்டெக்ஸ் இந்தியா திட்டம் மானியம் அளித்தது. 2023இல் தமிழக அரசு விசைத்தறிக்கான இலவச மின்சாரத்தை இரு மாதங்களுக்கு 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாகவும், கைத்தறிக்கு 200இலிருந்து 300 ஆகவும் உயர்த்தியது.

மதிப்பீடு: கருவி பழுதைக் குறைக்கும், மின்சலுகை செலவைக் குறைக்கும். நூல் வரத்து தடைப்பட்டால் இரண்டும் பயன்படா. நூல் கொள்முதலும் விற்பனையும் நெசவாளர் கைக்கு வந்த அளவுக்கே தறியில் போட்ட பணம் வருமானமாகும். ஆகவே தறிக்கான மானியத்தோடு, சங்கங்களுக்கு நூல் வாங்கும் மூலதனமும் சேர வேண்டும்.