தங்குமிடம் இலவசம்: கோப்பி சீசனில் இருந்து லயம் வரை

போன லீவுக்கு முதல் எங்கட பட்ச் குரூப்பில் ஒரு போஸ்டர் வந்தது. அறுகம்பேயில் சீசன் தொடங்குது, ஹோட்டல் வேலைக்கு ஆள் தேவை, சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். ரெண்டு பேர் உடனே பேக்கைக் கட்ட வெளிக்கிட்டார்கள். மலையகத்தில் இருந்து வந்து படிக்கிற நண்பி ஒருத்தி மட்டும் கேட்டாள்: "நடுவுல வேலைய விட்டு நிப்பாட்டிட்டா, அன்னைக்கு ராத்திரி எங்க படுக்கிறது?"

எங்களுக்கு அது தோன்றவே இல்லை. அவளுக்கு ஏன் முதலில் அது தோன்றியது? இந்த நாட்டில் தங்குமிடத்தோடு கூடிய சீசன் வேலையின் கதையைப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

1830களில் கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் கோப்பித் தோட்டங்கள் வேகமாகப் பரவின. கோப்பிக்கு வருடம் முழுக்க நிறைய ஆள் தேவையில்லை. பழம் பறிக்கிற சில மாதங்களுக்குத்தான் கூட்டம் வேண்டும். சொந்தக் காணியும் வயலும் இருந்த கண்டிக் கிராமத்தவர்கள் அந்தக் கூலிக்குத் தோட்டத்தில் நிரந்தரமாக நிற்க விரும்பவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலி, மதுரை, திருச்சி, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களில் பஞ்சமும் கடனும் சாதி ஒடுக்குமுறையும் சனத்தை வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. ஊரில் வேலை இல்லாத மாதங்களில் அவர்கள் இங்கே வந்தார்கள். சீசன் முடிய, மிச்சம் பிடித்ததை முடிந்துகொண்டு திரும்பிப் போனார்கள். முக்கால்வாசி ஆண்கள்தான்.

வந்த பாதையும் லேசில்லை. பாக்கு நீரிணையைத் தோணியில் கடந்து மன்னார்ப் பக்கம் இறங்கி, வன்னிக் காட்டுக்குள்ளால் தம்புள்ளை, மாத்தளை என்று நூறு மைலுக்கு மேல் நடை. தண்ணீர் இல்லை, காய்ச்சல், கொலரா. விழுந்தவர்கள் வழியிலேயே கிடந்தார்கள். வடக்கில் வளர்ந்த நாங்கள் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு தாண்டுகிற அதே காட்டுப் பக்கம்தான். எனக்கு இது கம்பஸ் வந்த பிறகுதான் தெரியும்.

இந்தப் பயணச் செலவை முற்பணமாகக் கொடுத்துக் கூட்டிவந்தவர் கங்காணி. ஆகவே வேலை தொடங்க முதலே கடன் தொடங்கிவிடும். ஒரு தோட்டத்தில் இருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டும் என்றால், அந்தக் கூட்டத்தின் கடன் இவ்வளவு என்று எழுதிய 'துண்டு' வேண்டும். புதுத் தோட்டம் அதைக் கட்டினால்தான் மாறலாம். இந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

தங்குவதற்குக் கிடைத்தது லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், சில இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டி ரெண்டு வரிசை. ஒரு காம்பரா ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி, முன்னால் ஒரு இஸ்தோப்பு. சில மாதம் வந்து படுத்துவிட்டுப் போகிற ஆட்களுக்கு இது போதும் என்பதுதான் கணக்கு.

1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி அழிந்து அந்த இடத்துக்குத் தேயிலை வந்தது. தேயிலை சீசன் பயிர் இல்லை. ஒவ்வொரு கிழமையும், பத்து நாளுக்கு ஒருக்காலும் என்று வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். அதற்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள், குடும்பங்கள் வந்தன, பிள்ளைகள் இங்கேயே பிறந்தன. 1911 குடிசன மதிப்பீட்டில் 'இந்தியத் தமிழர்' என்று முதன்முதலாகத் தனியாக எண்ணப்பட்டபோது அவர்கள் ஐந்து லட்சத்துக்கும் அதிகம். சீசனுக்கு வந்த சனம் நிரந்தரமாகிவிட்டது. வீடு மட்டும் சீசன் வீடாகவே நின்றது.

இங்கேதான் நண்பியின் கேள்வி வருகிறது. காம்பராவுக்கு வாடகை இல்லை, உண்மைதான். ஆனால் அது வேலையோடு ஒட்டியது. வேலைநீக்கத்துக்குப் பத்துச்சீட்டு கொடுத்தால், போவது சம்பளம் மட்டும் இல்லை, கூரையும்தான். துரையோடு முரண்பட முதல் ஒருவர் முழுக் குடும்பத்தையும் யோசிக்க வேண்டும். தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேசத்தில் தோட்டங்களுக்குள் போன கதை பலருக்குத் தெரியும். வேசம் ஏன் தேவைப்பட்டது? லயத்துக்குப் போகிற பாதையே தோட்டத்துடையது. உங்கள் வீட்டுக்கு யார் வரலாம் என்று முதலாளி தீர்மானிக்கிற ஏற்பாடு அது.

1946இல் இது வெளிப்படையாகவே வெடித்தது. கேகாலை மாவட்டத்தில் நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசாங்கம் கிராமத்தவர்களுக்குக் காணி கொடுப்பதற்காக எடுத்தது. தொழிலாளர்களுக்கு வெளியேறச் சொல்லி நோட்டீஸ் போனது. அவர்கள் போக மறுத்தார்கள். தாங்கள் குடியிருந்த லயத்திலேயே அத்துமீறி இருந்ததாக அவர்கள்மேல் வழக்கு வந்தது. ஆதரவாக வேறு தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது.

ரெண்டு வருடத்தில் அதே கேள்வி முழு நாட்டு அளவில் கேட்கப்பட்டது. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி இங்கே பிறந்தது மட்டும் போதாது. தகப்பனாவது, இல்லையென்றால் தாத்தாவும் பூட்டனுமாவது இங்கே பிறந்ததாகக் காட்ட வேண்டும். பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத லயத்துச் சனம் எதைக் காட்டும்? இவர்கள் வந்து போகிறவர்கள்தானே என்பதுதான் அரசியல்வாதிகளின் வாதம். கோப்பிக் காலத்தில் அது உண்மை. 1948இல் அது உண்மை இல்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974இல் பாதிபாதியாகப் பங்கிட்டார்கள். நாடற்றவர் பிரச்சினையைத் தீர்க்க 2003 வரை சட்டம் போட வேண்டியிருந்தது.

பிரஜாவுரிமை வந்தது. காணி? 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. லயம் யாருடைய கையில் என்பது மட்டும் மாறியது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். ஆனால் எழும்பிப் போவதற்கு அவர்களுக்கென்று வேறு காணி இருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் 7 பேர்ச் காணியில் தனி வீடு என்ற பேச்சுச் சூடு பிடித்தது. சிலருக்குக் கிடைத்தது, பலர் இன்னும் லயத்தில்தான்.

2023இல், மலையக மக்களின் 200 வருட நினைவாகத் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நடைபயணம் போனார்கள். அதே பாதை. கேட்டதில் முக்கியமானது காணியும் வீடும்.

அறுகம்பேக்குப் போன நண்பர்களின் நிலைமை இதற்குச் சமன் என்று நான் சொல்லவரவில்லை. அவர்களுக்குத் திரும்பி வர ஊரில் வீடு இருக்கு. அந்த ஒன்றுதான் வித்தியாசம், அதுதான் பெரிய வித்தியாசமும். ஆனாலும் அன்றைக்கு வெளிக்கிட முதல் அவர்களில் ஒருவன் அந்த நம்பருக்குக் கோல் எடுத்து, நண்பி கேட்ட கேள்வியை அப்படியே கேட்டான்.