கூரையும் மதிப்பெண்ணும்

தேர்வு முடிவு வந்ததும் எந்த மாவட்டம் முதலிடம், எத்தனை சதவீதம் என்றுதான் பேசுகிறோம். அந்தப் பிள்ளைகள் எந்தக் கூரையின் கீழ் உட்கார்ந்து படித்தார்கள், எந்த வழியாகப் பள்ளிக்கு வந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. முப்பது வருடங்களுக்கு மேல் உயர்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது.

1995 டிசம்பரில் ஹரியானாவின் டப்வாலியில், பள்ளி விழாப் பந்தல் தீப்பிடித்து 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாடு அப்போதே விழித்திருக்க வேண்டும். விழிக்கவில்லை. 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை, கும்பகோணத்தில் சத்துணவு சமைக்கும் இடத்தில் பிடித்த தீ பள்ளி மாடியின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. இறங்குவதற்குக் குறுகிய படிக்கட்டு. 94 பிஞ்சுகள் போய்விட்டன.

அதன் பிறகுதான் தமிழகப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்றச் சொல்லி உத்தரவு வந்தது. நான் வேலை பார்த்த பள்ளியிலும் ஒன்பதாம் வகுப்பு கீற்றுக் கொட்டகையில்தான் நடந்தது. ஐப்பசி மழையில் ஒழுகாத மூலை தேடி பெஞ்சை நகர்த்துவதிலேயே பாதி பீரியட் போய்விடும். காற்று பலமாக அடித்தால் கரும்பலகையைப் பார்க்க வேண்டிய கண்கள் கூரையைப் பார்க்கும். அந்த மாதங்களில் நடத்திய வடிவியல் பாடத்தில்தான் அரையாண்டுத் தேர்வில் அதிகம் பேர் தவறினார்கள். பிள்ளைகளின் மூளையில் குறை இல்லை. பயந்த மனதில் பாடம் தங்காது, அவ்வளவுதான்.

கும்பகோணம் விபத்தையொட்டித் தொடரப்பட்ட வழக்கில் 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கல்வி உரிமை என்றால் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் சேர்ந்ததே என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த கல்வி உரிமைச் சட்டம், எல்லாப் பருவத்துக்கும் தாங்கும் கட்டடம், ஆண் பெண் இருவருக்கும் தனித்தனிக் கழிப்பறை, சுற்றுச்சுவர் அல்லது வேலி ஆகியவை வேண்டும் என்றது. ஆனால் அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். பெண் பிள்ளைகள் படிப்பை நிறுத்துவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதானே!

பாதுகாப்பு பள்ளி வாசலில் தொடங்குவதும் இல்லை. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் சுமார் 30 சதவீதம் கூடியிருந்தார்கள். பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய, தேறிய பெண்களும் கூடினார்கள். கூட்டமாக சைக்கிளில் போகும் பெண்ணை அனுப்ப வீட்டுக்கும் தைரியம் வந்தது.

பேரப்பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தேர்ச்சி விகிதத்தைக் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே மாடிக்கு ஏறிப் பாருங்கள். படிக்கட்டு எத்தனை, எந்தக் கதவு பூட்டியிருக்கிறது, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் உண்டா என்றும் பாருங்கள். மதிப்பெண் அங்கிருந்துதான் தொடங்குகிறது.