கிருஷ்ணதேவராயரின் முகவடுவும் சுசுருதரின் காரமும்

நாகலாபுரத்து வேதநாராயணர் கோயிலை எழுப்பியவர் கிருஷ்ணதேவராயர் என்பதும், ஊர்ப்பெயர் அவருடைய தாய் நாகலாதேவியை நினைவூட்டுவது என்பதும் பலரும் அறிந்தவை. அம்மன்னரின் முகத்தில் பெரியம்மை வடுக்கள் இருந்தன என்பதை எடுத்துச் சொல்வோர் குறைவு. 1520-ஐ ஒட்டி விஜயநகரத்தில் தங்கியிருந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ், மன்னர் நடுத்தர உயரமும் வெளுத்த நிறமும் உடையவர், சற்றே பருத்தவர் என்று வருணித்துவிட்டு, முகத்து வடுக்களையும் மறைக்காமல் குறிக்கிறார். விடியுமுன் நல்லெண்ணெய் அருந்தி, உடலெங்கும் அதையே பூசி, எண்ணெய் முழுதும் வியர்வையாய் வெளியேறும்வரை வாட்பயிற்சி செய்வார் என்பதும் பயஸின் கூற்றே. திருமலையில் தேவியர் இருவருடன் கைகூப்பி நிற்கும் செப்புத் திருமேனியில் அவ்வடுக்களுக்கு இடமில்லை. சிற்பியின் இலக்கணம் வேறு.

உடலை இவ்வளவு பேணிய பேரரசருக்கு எட்டாத மருத்துவர் இருந்திருக்க முடியாது. பின் ஏன் வடு நின்றது? அன்றைய மருத்துவம் தோலின் எந்த ஆழம்வரை சென்றது என்பதில்தான் விடை இருக்கிறது.

முகத்தோலை உரித்துப் புதுப்பிக்கும் இன்றைய சிகிச்சைகள் அனைத்தும் சுசுருத சங்கிதையில் உள்ளன என்று சமூக ஊடகங்களில் அடிக்கடி படிக்கிறோம். இதில் பாதி உண்மை. மரு, மங்கு, கரும்புள்ளி ஆகியவற்றுக்குக் காரம் பூசுமாறு அந்நூல் விதிக்கிறது. மரச்சாம்பலை நீரில் கரைத்துப் பன்முறை வடித்து, சுட்ட சங்கும் சுண்ணாம்புக்கல்லும் சேர்த்துக் காய்ச்சி, இரும்புக் கலத்தில் சேமிக்க வேண்டும். சாம்பல் நீரின் மென்காரம் சுண்ணாம்பால் எரிகாரமாக மாறுகிறது என்பது இன்றைய வேதியியலின் விளக்கம். பிரபுல்ல சந்திர ராய் 1902-இல் வெளியிட்ட இந்திய வேதியியல் வரலாற்றில் இச்செய்முறையைச் சிறப்பித்துக் காட்டினார். மென்மை, இடைநிலை, கடுமை என மூவகைக் காரம். பூசியபின் நூறு மாத்திரை நேரம் காத்திருத்தல். இடம் கறுத்ததும் புளித்த கஞ்சி போன்ற புளிப்புப் பொருளால் அதன் வீரியத்தைத் தணித்தல் என்று ஒழுங்கு செல்கிறது. அளவும் நேரமும் முறிவும் அறிந்த கைகள் எழுதிய விதிகள் இவை. சுரண்டுவதற்கென்று துணி, பஞ்சு, கடல்நுரை, இந்துப்பு, சொரசொரப்பான இலைகள் ஆகியவற்றையும் நூல் கூறுகிறது. கறுத்த வடுவை வெளுக்கவும் வெளுத்த வடுவைக் கறுக்கவும் தனித்தனி வழிகள் உண்டு.

எனினும் இவை குறிவைப்பவை நிறமும் மேல்வளர்ச்சியும். பள்ளமான புண்ணில் சதை வளர்க்கும் மருந்துகளும் ஆறாத புண்ணுக்கே உரியவை. பெரியம்மை முகத்தில் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தாக்கி, உள்தோலையே அழித்துக் குழியாக ஆறும். மேல்தோலை மட்டும் உரித்தால் குழி அப்படியே நிற்கும். ஆழமாக எரித்தாலோ புதிய வடு. இந்த இருதலைக் கொள்ளியிலிருந்து காரத்தால் மீள முடியவில்லை.

பெர்லினில் எர்ன்ஸ்ட் குரோமயர் 1905-இல் சுழலும் கருவியால் தோலைச் சீராகத் தேய்க்கும் முறையை விவரித்தார். நியூயார்க்கில் ஏப்னர் கர்ட்டின் 1953-இல் கம்பித் தூரிகையால் அதை விரிவாக்கினார். 1964-இல் பாராமதியில் பிறந்த சந்திரகுமார் படேல் பெல் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கினார். பின்னாளில் அது தோல் மருத்துவர் கைக்கு வந்தது. தோல் முழுவதையும் எரிக்காமல் நுண்புள்ளிகளாக மட்டும் துளைத்து, இடையிலுள்ள நலமான தோலைக் கொண்டே ஆறவிடும் முறை 2004-இல் வெளியானது. நம்மவரின் கருநிறத் தோலில் ஆழச் சிகிச்சைக்குப் பின் கருமை படியும் அபாயம் மிகுதி. ஆகவே இம்மாற்றம் நமக்கே கூடுதலாக உதவியது.

அதற்குள் பெரியம்மை 1975-இல் இந்தியாவை விட்டு நீங்கியிருந்தது. 1980-இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. இன்று இக்கருவிகளுக்கு வாய்த்த வேலை பெரும்பாலும் முகப்பருக் குழிகளே. ராயரின் முகத்தில் இருந்தது போன்ற வடுவை நாகலாபுரம் பக்கத்தில் இனி முதியவர் முகங்களில் மட்டுமே காணலாம்.