ஊக்ளிக் கரையிலே சீனர்

வெள்ளைச் சர்க்கரையை ஈழத்தமிழர் சீனி என்பர். வங்காளத்தார் சினி என்பர். சீன நாட்டின் பெயரே இச்சொற்களில் ஒலிக்கின்றது. கல்கத்தா நகரத்துச் சீனக் குடியின் வரலாறும் ஒரு சீனி ஆலையிலேயே தொடங்குகின்றது.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆச்சியூ என்னும் சீன வணிகர் வங்காளம் வந்தார். அந்நாளில் ஆட்சித் தலைவராயிருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ், பஜ்பஜ் என்னும் ஊருக்கு அண்மையில், ஊக்ளி நதியோரமாக, ஏறக்குறைய 650 பிகா நிலத்தை ஆண்டுக்கு 45 ரூபா இறைக்கு அவருக்கு அளித்தார். ஆச்சியூ தம் நாட்டிலிருந்து தொழிலாளரை வரவழைத்துக் கரும்பு பயிரிட்டார், ஆலையும் நிறுவினார். சில ஆண்டுகளில் அவர் மறைந்தார், ஆலையும் நிலைக்கவில்லை. ஆயினும் அவ்வூர் இன்றும் அவர் பெயரால் அச்சிப்பூர் என்றே வழங்குகின்றது.

தொழிலாளர் கல்கத்தாவை அடைந்து, பௌபஜாரை அடுத்த திரெட்டா பஜாரிலே குடியேறினர். பின்னரும் பலர் சீனத்திலிருந்து வந்து சேர்ந்தனர். அவர்களுள் காந்தோனியர் தச்சுத் தொழிலிற் சிறந்தனர். ஹூப்பே மாகாணத்தார் பல் வைத்தியராயினர். ஹக்கா மக்கள் சப்பாத்துத் தைத்தனர். நகரின் கீழ்ப்புறத்துத் தங்ராவிலே தோல் பதனிட்டனர். சாதி வழக்கத்தால் மேற்குலத்தோர் தீண்டாதொழிந்த தொழிலாதலின், அதிற் புகுவதற்கு அவர்களுக்குத் தடையிருக்கவில்லை.

சீனப் புத்தாண்டு தை, மாசி மாதங்களை ஒட்டி வருவது. அந்நாளில் வீடுகள் துப்புரவாக்கப்படும். முன்னோர்க்குப் படையல் இடப்படும். பெரியோர் சிறுவர்க்குச் சிவப்பு உறையிலே காசு வைத்து வழங்குவர். பறை முழங்கச் சிங்க நடனக் குழுவினர் வீடுதோறுஞ் செல்வர். யாழ்ப்பாணத்தார் சீனவெடி என்னும் பட்டாசு தெருவெங்கும் அதிரும். கருணைத் தெய்வமாகிய குவான்யினுக்குரிய சீ இப் ஆலயம் முதலியவற்றில் ஊதுவத்தி புகையும். பின்னர், மக்கள் கூட்டமாக அச்சிப்பூருக்கு யாத்திரை போவர். நதிக்கரையிலே செந்நிறம் பூசிய ஆச்சியூவின் சமாதியை வணங்கி, நிலத் தெய்வங்களின் கோயிலிலே படையல் வைப்பர். தங்ராவிலே காளி கோயிலொன்றும் உண்டு. அங்கே சீனரும் வழிபடுகின்றனர், நூடில்சும் பிரசாதமாக வழங்கப்படுகின்றது.

இவ்வாறு வேரூன்றிய சமூகத்தின்மீது 1962இல் இடி விழுந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் இந்தியாவுக்கும் சீனத்துக்கும் போர் மூண்டது. அசாம், வங்காளம் முதலிய இடங்களிலிருந்து ஏறத்தாழ 3,000 சீனர் விசாரணையின்றி, இராசஸ்தானத்துத் தேவ்லி முகாமுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் இந்தியாவிற் பிறந்தோரும், சீனத்தைக் கண்ணாலும் கண்டிராத குழந்தைகளும் இருந்தனர். போர் ஒரு மாதத்தில் ஓய்ந்தது. சிலரின் சிறைவாசமோ 1967 வரை நீடித்தது. பலர் கப்பலேற்றிச் சீனத்துக்கு அனுப்பப்பட்டனர். மீண்டுவந்தோரிற் பலர் வீட்டையும் கடையையும் இழந்து நின்றனர். கல்கத்தாவில் எஞ்சியோரும் பொலீசாரின் அநுமதியின்றி வெளியூர் செல்ல இயலாதிருந்தனர்.

அதன்பின் இளைஞர் கனடா முதலிய நாடுகளுக்குப் பெயரலாயினர். மாசு கருதித் தோற்சாலைகளை நகருக்கு வெளியே அகற்றுமாறு 1996இல் உயர்நீதிமன்றத்துக்கும் மேலான இந்திய உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. தங்ராவின் ஆலைகள் பல உணவுச்சாலைகளாயின. ஒருகாலத்தில் இருபதினாயிரமென மதிப்பிடப்பட்ட மக்கட்டொகை இன்று சில ஆயிரமாகச் சுருங்கிவிட்டது.

ஆயினும் புத்தாண்டு தோறும் அச்சிப்பூர் யாத்திரை நிகழ்கின்றது. கடல் கடந்து சென்றோருட் சிலரும் அந்நாட்களில் கல்கத்தா திரும்புகின்றனர். ஒருவன் எந்நாட்டான் என்பதை அவன் பாட்டன் பிறந்த ஊரைக் கொண்டு அளப்பதா, அவன் உழைத்து வாழ்ந்த மண்ணைக் கொண்டு அளப்பதா? 1962இல் அரசு முன்னதைக் கொண்டு அளந்தது. ஊக்ளிக் கரையிலே ஆண்டுதோறும் ஊதுவத்தி ஏற்றும் மக்களோ பின்னதையே கொண்டு அளக்கின்றனர்.